மூன்றாம் நாளுக்குப் பிறகு: வீட்டில் இன்னொரு குடும்பத்தை வைத்திருப்பவர்களுக்கு

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பார்கள். வெள்ளத்துக்கும் புயலுக்கும் வீட்டை விட்டு வருகிறவர்கள் மூன்று நாளில் திரும்புவதில்லை. தண்ணீர் வடிய ஒரு கிழமை, கிணறு இறைக்க இன்னொரு கிழமை, நனைந்த மண்சுவர் காய அதற்கும் மேலே. ஒரு மாதம் என்று போட்டு வைத்தால் கணக்குப் பிழைக்காது. 1995 ஒக்ரோபர் கடைசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பிக் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வந்த சனமும் கொஞ்ச நாளில் திரும்பலாம் என்று நினைத்துத்தான் வன்னி வீடுகளின் விறாந்தைகளில் பாய் விரித்தது. பலர் வருடக்கணக்கில் இருந்தார்கள்.

அந்தக் காலத்தைக் கண்ட வீடுகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. வீட்டுத்திட்ட வீட்டில் குடியேறிய இளம் குடும்பங்களுக்கும், முதல் தடவையாக இன்னொரு குடும்பத்தை ஏற்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம். 2018 டிசம்பர் வெள்ளம், 2020 டிசம்பரில் புரெவிப் புயல், 2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயல் என்று மாரிக்கு மாரி ஏதோ ஒன்று வருகிறது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கத்துச் சனம் மேட்டுநில உறவுகளைத் தேடித்தான் வரும். அந்த மேட்டுநில வீடு உங்களுடையதாக இருக்கலாம்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறோம். உறவு முறிகிற இடங்கள் மூன்று: கிணற்றடி, கக்கூசு வாசல், அடுப்படி. எவ்வளவு பெரிய மனம் இருந்தாலும் இந்த மூன்றும் தாங்காவிட்டால் முறியும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி இந்த மூன்றைப் பற்றித்தான்.

‘வாங்கோ’ என்று சொல்வதற்கு முன்

உங்கள் வீடு எத்தனை பேரைத் தாங்கும் என்று எண்ணிப் பாருங்கள். 550 சதுர அடி வீடு என்றால் ஏறத்தாழ 51 சதுர மீற்றர். அனர்த்த காலத்துக்கு உலகளவில் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் கூரையிடம். அந்தக் கணக்கில் 14 பேர் வரும். ஆனால் குசினியைக் கழிக்க வேண்டும், நெல்மூட்டைகளைக் கழிக்க வேண்டும், மழைக்கு உள்ளே ஏற்றி வைக்கும் மோட்டார் சைக்கிளைக் கழிக்க வேண்டும். உண்மையில் 10 அல்லது 11 பேர்தான் படுக்கலாம். நீங்கள் ஐந்து பேர் என்றால் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம். அதற்கு மேலே வந்தால் அயல் வீட்டோடு கதைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது தாயையும் சின்னப் பிள்ளைகளையும் ஒரே வீட்டில் வைத்து, வளர்ந்த பெடியன்களை இரவுக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவது நல்லது.

வீட்டுக்குள் முதலில் கதைக்க வேண்டும். ஆம்பிளையள் போனிலே ‘வாங்கோ, வாங்கோ’ என்று சொல்லிவிடுவார்கள், வேலை முழுக்கக் குசினியில் போய் விழும். ஆகவே கடைசிச் சொல் குசினியில் நிற்பவருடையதாக இருக்கட்டும். எந்த அறை உங்களுக்கு மட்டும் என்பதையும் இப்போதே முடிவெடுங்கள். அந்த அறைக்குப் பூட்டுப் போடுங்கள், நகையும் காணிப் பத்திரமும் அதற்குள்ளே போகட்டும். வருகிறவர்களில் நம்பிக்கை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பொருள் ஒன்று காணாமல் போனால் யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டி வராது, அவ்வளவுதான்.

போனில் கேட்க வேண்டியவை: எத்தனை பேர், என்னென்ன வயது, கர்ப்பிணி இருக்கிறாரா, தினமும் மருந்து எடுப்பவர் யார், ஆடு மாடு வருகிறதா. கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். வன்னியில் மாட்டை விட்டுவிட்டு வர யாருக்கும் மனம் வராது. மாடு கட்டும் இடம் கிணற்றிலிருந்து தள்ளி, காணியின் பள்ளப் பக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழையோடு சாணியும் மூத்திரமும் கிணற்றுக்குத்தான் வரும்.

‘ஒண்டும் கொண்டுவர வேண்டாம், வெறுங்கையோட வாங்கோ’ என்று சொல்வது அன்புதான், ஆனால் பிழை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம், பாய், நுளம்பு வலை, ஒரு பெரிய பானை, இரண்டு வாளி, வீட்டில் இருக்கும் அரிசி: இவ்வளவும் கொண்டுவரச் சொல்லுங்கள். பத்திரங்களைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

முதல் இரவு

வந்தவுடன் பிளேன்ரீ, கால் கழுவச் சுடுதண்ணீர், காய்ந்த உடுப்பு. கதை கேட்பதை மறுநாளைக்கு வையுங்கள்.

படுக்கையில்தான் கவனம். மாரியில் வன்னி வீடுகளுக்குள் பாம்பு வருவது புதிதல்ல. அதிலும் கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும். கடி பெரும்பாலும் வலிக்காது, தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுநோ, கண் இமை சொருகுதல் என்று தொடங்கும்போது நேரம் போயிருக்கும். நுளம்பு வலையின் ஓரத்தைச் சுற்றிவரப் பாயின் அடியில் செருகிவிட்டால் நுளம்புக்கும் பாம்புக்கும் ஒரே காவல். சுவர் ஓரமாகப் படுக்க வேண்டாம். மூட்டை, விறகு, செருப்புக் குவியலுக்குப் பக்கத்திலும் வேண்டாம். இரவில் வெளியே போகிறவருக்கு ரோச் லைற் எங்கே இருக்கிறது என்று படுக்க முன்னமே காட்டிவிடுங்கள்.

கடித்துவிட்டால் அல்லது கடித்த சந்தேகம் இருந்தால்கூட, அந்தக் கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம் காப்பைக் கழற்றி, 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கெடுதல். விஷமுறி மருந்து வைத்தியசாலையில்தான் இருக்கிறது.

பிள்ளைகள் தாயோடு படுக்கட்டும். வளர்ந்த ஆண்கள் விறாந்தையில். உறவோ, தெரிந்தவரோ, யாராக இருந்தாலும் இந்த ஒழுங்கை முதல் இரவிலேயே வைத்துவிட்டால் அது வீட்டு வழக்கம் ஆகிவிடும். இரண்டு கிழமை கழித்துப் புதிதாகச் சொன்னால் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும். பிள்ளைகளின் விஷயத்தில் மனம் உறுத்தும் எதையும் கண்டால் 1929, பெண்களின் விஷயத்தில் 1938 இலக்கத்துக்கு அடியுங்கள்.

மறுநாள் காலை: கொப்பியும் கிராம அலுவலரும்

ஒரு கொப்பியில் வந்தவர்களின் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், சொந்த விலாசம், அவர்களின் கிராம அலுவலர் பிரிவு, வந்த திகதி என்று எழுதுங்கள். அதே பக்கத்தின் கீழே மின்சார மீற்றரின் அன்றைய இலக்கத்தையும் எழுதிவையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

அந்த விபரத்தோடு உங்கள் கிராம அலுவலரிடம் போக வேண்டும். வந்தவர்கள் தங்கள் பகுதிக் கிராம அலுவலருக்கும் தாங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போனிலாவது அறிவிக்க வேண்டும். பாடசாலையிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ தங்கியிருக்கிறவர்களை எல்லோருக்கும் கண்ணில் தெரியும். சமைத்த சாப்பாடும் உலர் உணவும் அங்கே தேடிப் போகும். உறவினர் வீட்டில் ஒதுங்கியவர்களை யாரும் தேடி வருவதில்லை. பெயர் பதிந்தால்தான் அவர்கள் கணக்கில் வருவார்கள். பிறகு வீட்டுச் சேத மதிப்பீடு நடக்கும்போதும் அந்தப் பதிவு உதவும். ‘உறவுக்காரர் வீட்டில்தானே இருக்கிறோம், எதற்குப் பதிவு’ என்று கூச்சப்பட்டு விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

கர்ப்பிணியும் கைக்குழந்தையும் வந்திருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநலத் தாதிக்குச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோனால் பக்கத்து வைத்தியசாலையில் மருந்து தொடரலாம். கொப்பி வெள்ளத்தில் போயிருந்தால் பழைய மருந்துறைகளை, வெறும் மாத்திரை மட்டையை என்றாலும் எடுத்துப் போங்கள், பெயர் அதில் இருக்கும். இன்சுலின் எடுப்பவர் இருந்து, உங்களிடம் குளிர்சாதனப்பெட்டி இல்லை என்றால், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்னச் சட்டி வைத்து, மருந்தைப் பொலித்தீனில் சுற்றி அதற்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள்.

கிணறு

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும். குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க எல்லாம் சேர்த்து. பதினொரு பேருக்கு 165 லீற்றர். 500 லீற்றர் தாங்கி இருந்தால் சரியாக மூன்று நாள். ஆனால் கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்கிற பழக்கத்தில் ஒருவரே 60, 70 லீற்றரை ஊற்றிவிடுவார். மாரியில் அது பிரச்சினை இல்லை. ஆவணி, புரட்டாதியில் ஊற்று மெலிந்திருக்கும்போது பிரச்சினை. அந்த மாதங்களில் விடியற்காலையில் ஒரேயடியாக இறைத்துத் தாங்கியை நிரப்பி, பிறகு பின்னேரம் வரை கிணற்றை ஊற விடுங்கள். விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அடிமணலை இழுத்து மோட்டாரும் கெடும்.

குடிக்கும் தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர் என்று 33 லீற்றரைத் தனியாகப் பாருங்கள். கொதித்து, பெரிய குமிழிகள் எழும்பத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் விட்டால் போதும். பத்து நிமிடம் கொதிக்க விடுவது விறகுக்குச் செலவு. ஆறிய தண்ணீரை வாய் ஒடுங்கிய குடத்தில் மூடி வையுங்கள். வாளியில் வைத்தால் ஆளுக்கொரு கோப்பையை முக்குவார்கள், கொதிக்க வைத்த பலன் அங்கேயே போய்விடும். கல்நீர் (சுண்ணாம்பு கூடிய தண்ணீர்) பிரச்சினை உள்ள பகுதிகளில் வடிகட்டிய தண்ணீரை விலைக்கு வாங்குகிற வீடுகள், வந்தவர்களுக்கும் அதையே கொடுங்கள். வீட்டாருக்கு வடிகட்டிய தண்ணீர், வந்தவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் என்று இரண்டு குடம் வைப்பது கண்ணில் குத்தும்.

ஆள் கூடியதும் கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டும். கணக்கு இது. கிணற்றின் விட்டத்தை மீற்றரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் உயரத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்கினால் எத்தனை லீற்றர் என்று வரும். 2 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் 2×2×2×785, அதாவது 6,280 லீற்றர். பிளீச்சிங் பவுடர் எனப்படும் சாதாரண குளோரின் தூள் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம். இந்தக் கிணற்றுக்கு 16 கிராம், மட்டமாக ஒன்றரை மேசைக்கரண்டி. தூளை நேரே கிணற்றில் கொட்டக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பத்து நிமிடம் வைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் கிணற்றில் இறக்கி, வாளியை மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். இரவில் போட்டு விடிய அள்ளலாம், அவசரம் என்றால் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். திறந்து பலநாள் கிடந்த தூளில் வீரியம் இருக்காது. மணமே வராத தூளை எறிந்துவிடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் தூள் வீரியம் கூடியதாக இருக்கலாம், அதற்கு அவர் சொல்லும் அளவுதான்.

உங்கள் கிணற்றுக்குள்ளேயே வெள்ளம் இறங்கியிருந்தால் இந்த அளவு போதாது. இறைத்துக் கழுவ வேண்டும். ஆனால் சுற்றியிருக்கும் நிலம் ஊறிக் கிடக்கும்போது ஒரேயடியாக அடிவரை இறைக்காதீர்கள். உள்ளே தண்ணீரின் தாங்கல் போனதும் வெளியிலிருந்து ஈரமண் தள்ளும், கட்டு உள்ளே சரியும். முற்றத்துத் தண்ணீர் வடிந்து நிலம் இறுகும்வரை கொதிக்க வைத்த தண்ணீரோடு சமாளியுங்கள்.

கிணற்றடிக்கு ஒரு மறைப்பு அவசரமாக வேண்டும். நாலு தடி, ஒரு தறப்பாள், அரை நாள் வேலை. வந்திருக்கும் பெண்கள் ‘மறைப்பு இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி இருட்டோடு குளிப்பார்கள். அதைக் கண்டால் விளங்கிக்கொள்ளுங்கள்.

கக்கூசு

ஒரு கக்கூசுக்கு 20 பேர்வரை என்பது முகாம்களுக்கான அளவு. ஆகவே 11 பேர் அதிகமில்லை. நெருக்கடி காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில்தான். பள்ளிக்கூடம் போகிறவர்கள் முதலில், வீட்டில் நிற்பவர்கள் பிறகு என்று ஒரு ஒழுங்கு வந்துவிட்டால் சத்தம் குறையும். வயதானவர்களுக்கு ஒழுங்கு பொருந்தாது, அவர்களுக்கு எப்போதும் வழி விடுங்கள்.

குழி நிரம்புவது வேறு கதை. மலத்தால் குழி அவ்வளவு சீக்கிரம் நிரம்பாது, தண்ணீரால்தான் நிரம்பும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குழித் தண்ணீர் சுவறாது. ஊற்றினால் மெதுவாக இறங்கும், குமிழி விடும், பிறகு திரும்பி வரும். ஆகவே உள்ளே பெரிய வாளியை வைக்காமல் சின்ன வாளியை வையுங்கள். ஒரு தடவைக்கு 2, 3 லீற்றர் போதும். உடுப்புத் தோய்த்த தண்ணீரை அதற்குள் ஊற்ற விடாதீர்கள். பம்பர்ஸையும் மாதவிடாய்த் துணிகளையும் போட ஒரு மூடியுள்ள வாளியைக் கக்கூசுக்குள்ளேயே வைத்து, அதைத் தினமும் எரிப்பது யார் என்று வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். வாளி வெளியே இருந்தால் யாரும் பாவிக்கமாட்டார்கள், குழிக்குள்தான் போகும், அடைக்கும்.

இரண்டாவது குழி வெட்டுவதென்றால் உங்கள் கிணற்றிலிருந்தும் அயல் கிணற்றிலிருந்தும் 30 மீற்றர், அதாவது 100 அடி தள்ளி, பள்ளப் பக்கமாக. குழியின் அடி நிலத்தடி நீருக்கு 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும். மார்கழியில் பள்ளக் காணிகளில் இது நடக்காத காரியம், இரண்டு அடி தோண்டவே தண்ணீர் வரும். அப்படியான இடத்தில் வெட்டாதீர்கள். அயல் வீட்டுக் கக்கூசைக் கேட்டு வாங்குவது கிணற்றைக் கெடுப்பதைவிட மேல்.

அரிசியும் அடுப்பும்

ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி அல்லது மா, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய். ஆறு பேருக்கு ஒரு கிழமைக்கு அரிசியும் மாவுமாக 17 கிலோ, பருப்பு இரண்டரைக் கிலோ, எண்ணெய் ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூட. தேங்காய் பதினொரு பேருக்கு நாளுக்கு இரண்டு. இதெல்லாம் எல்லோரும் எதிர்பார்க்கும் செலவு. எதிர்பாராதது சீனி. பதினொரு பேர், நாளுக்கு மூன்று தேத்தண்ணீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் நாளுக்கு 300 கிராமுக்கு மேலே, கிழமைக்கு இரண்டு கிலோ தாண்டும். சீனிப் போத்தல் வெறுமையாவதைக் கண்டுதான் வீட்டுக்காரருக்கு முதல் முகச்சுளிப்பு வரும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடிப்பதைத் தொடக்கத்திலேயே வழக்கமாக்கினால் பாதி மிச்சம்.

முதல் கிழமை ஒரே உலை. அதற்குப் பிறகு அடுப்பைப் பிரியுங்கள். இது எங்கள் உறுதியான கருத்து, பலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். சேர்ந்து சாப்பிடுவதுதான் ஒற்றுமை என்பார்கள். அடுத்தவர் குசினியில் உப்புப் போத்தல் எங்கே, அகப்பை எங்கே என்று கேட்டுக் கேட்டுச் சமைக்கும் பெண்ணின் நிலையை நினையுங்கள். பிள்ளை பசி என்று அழுதால்கூட அவர் பானையைத் தானாகத் திறக்கமாட்டார். வீட்டுக்காரிக்கோ, இத்தனை பேர் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார வழியில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே களைத்துப் போவார்கள். தனி அடுப்பு வந்தால் கறி கோப்பையில் அங்கும் இங்கும் போய்வரும், அது வேறு சந்தோசம்.

சொல்லும் விதம் முக்கியம். வீட்டுக்காரி சொல்ல வேண்டும், அதுவும் வந்திருப்பவர்களில் மூத்த பெண்ணிடம், தனியாக. ‘மாமி, பிள்ளையளுக்கு உங்கட கைச் சாப்பாடுதானே பழக்கம். பத்திக்குள்ள ஒரு அடுப்பு வைச்சுத் தாறன், உங்களுக்கு வசதியான நேரத்தில சமையுங்கோ. அரிசி இஞ்சதான் இருக்கு, வந்து அள்ளுங்கோ.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் முழுவதும் வேறு அர்த்தம் எடுத்துவிடும்.

அடுப்புக்கு மூன்று கல், மேலே மழைக்கு ஒரு சாய்ப்பு. கிடுகுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். இடமில்லை என்றால் சுவருக்கும் அடுப்புக்கும் இடையில் ஒரு தகரத்தை நிறுத்துங்கள். காற்று வீட்டை நோக்கி அடிக்கும் பக்கத்தில் அடுப்பு வேண்டாம். விறகை நனையாமல் வைக்க இடம் முதலே பாருங்கள், ஈரவிறகின் புகையால் வரும் எரிச்சல் அடுப்போடு நிற்பதில்லை.

அரிசி, நெல், உப்பு மூட்டைகளைப் பற்றி ஒரு சொல். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் காட்டோரமாக இருப்பவர்கள் வந்தவர்களின் மூட்டைகளைக் கொட்டிலில் வைக்க விடாதீர்கள். யானை மணம் பிடித்து வந்து அந்தச் சுவரைத்தான் தள்ளும். மூட்டைகள் கல்வீட்டின் நடு அறைக்குள் இருக்கட்டும், படுக்கை அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஒரு மாதம் தாண்டும் என்று தெரிந்தால்: கொட்டில்

10 அடிக்கு 12 அடி கொட்டில் ஒரு குடும்பம் படுக்கப் போதும். முதலில் நிலத்தை முக்கால் அடி உயர்த்துங்கள். 90 கன அடி கிறவல் வேண்டும், ஒரு கியூப் (100 கன அடி) எடுத்தால் ஓரங்களுக்கும் சரியாக இருக்கும். உயர்த்தாமல் தறப்பாளை மட்டும் விரித்துப் படுத்தால் முதல் மழைக்கே அடியால் ஊறும். பக்கத்துக் கப்பு (தூண்) ஆறு, நிலத்துக்கு மேலே ஐந்தரை அடி. முகட்டுக் கப்பு இரண்டு, எட்டரை அடி. எல்லாம் இரண்டடி மண்ணுக்குள். மண்ணுக்குள் போகும் பகுதிக்குக் கழிவொயில் பூசினால் கறையான் சுணங்கும். கூரைக்கு எட்டடித் தகரம் பக்கத்துக்கு ஏழாக 14. தகரத்தை மட்டும் போட்டால் பகலில் உள்ளே இருக்க முடியாது. மேலே கிடுகு பரப்பிக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள், வெக்கையும் குறையும் மழைச் சத்தமும் குறையும். சுற்றிவர ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால், அது பள்ளப் பக்கம் ஓட வேண்டும், கிணற்றுப் பக்கம் அல்ல.

தடிக்காக ஒதுக்குக் காட்டுக்குள் இறங்காதீர்கள், வழக்கில் முடியும். உங்கள் காணி அனுமதிப்பத்திரக் காணி என்றால் கொட்டிலைத் தற்காலிகமாகவே வையுங்கள். சீமெந்துக் கட்டு எழுப்ப யோசனை வந்தால் பிரதேச செயலகத்தில் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

காசுக் கதை

நாலாம், ஐந்தாம் நாளில் கதைத்துவிடுங்கள். பிந்தினால் கணக்கு மனதுக்குள் ஓடத் தொடங்கும். தங்குவதற்குக் காசு வாங்காதீர்கள், அவர்கள் வாங்கி வரும் சாமானைத் தடுக்கவும் வேண்டாம். அரிசி உங்களுடையது, மரக்கறியும் விறகும் அவர்களுடையது என்பதுபோல் பொருளாகப் பிரிப்பது இரண்டு பக்கமும் தலை நிமிர்ந்து இருக்க உதவும். கூலிவேலை நின்றுபோனவர்களிடம் அதையும் எதிர்பார்க்க முடியாது. அவர்கள் வேலி அடைப்பார்கள், வயலுக்கு வருவார்கள். வேண்டாம் என்று மறிக்காதீர்கள்.

மின்சாரத்துக்குத்தான் அந்த மீற்றர் இலக்கம். வீட்டுப் பாவனையில் மாதம் 60 அலகைத் தாண்டினால் கூடிய அலகுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம், நிலையான கட்டணமும் ஏறும். 55 அலகில் இருந்த வீடு 75க்குப் போனால் பில் அந்த 20 அலகின் கணக்கில் நிற்காது. பில்லைக் கண்டு ‘இவ்வளவு எப்படி வந்தது’ என்று அவர்கள் திகைக்க முன், இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். கிழமைக்கு ஒருக்கால் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதினால் 60ஐ நெருங்குவது முன்னமே தெரியும். ஒரே பிளக்கில் நீட்டுவயர் மேல் நீட்டுவயர் போட்டு ஆறு போன்களும் மின்விசிறியும் சோற்றுக் குக்கரும் கொழுவ விடாதீர்கள், வயர் சூடேறிப் பாய் பற்றும்.

பிள்ளைகளும் நோயும்

பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் கிழமைக்குள் அனுப்பப் பாருங்கள். பக்கத்துப் பாடசாலை அதிபரிடம் நேரே போய்த் தற்காலிகமாக இருத்தக் கேளுங்கள். பரீட்சை வருடத்துப் பிள்ளை என்றால் பழைய பாடசாலை அதிபருக்கும் அறிவித்து, எந்த மண்டபத்தில் எழுதுவது என்று உறுதிசெய்யுங்கள்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு உங்கள் ஊரின் நிலம் தெரியாது. வந்த இரண்டாம் நாளே அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, எந்தக் குளத்தில் இறங்கக் கூடாது, எந்தப் பற்றைக்குள் போகக் கூடாது என்று காட்டுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை என்ன சொல்கிறது என்று விளக்குங்கள். வெள்ளம் ஓடிய இடத்தில் மண் அரித்து, பழைய வெடிபொருள் மேலே வரலாம், பலகை இல்லாத இடத்துக்கும் அள்ளுப்பட்டு வரலாம். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல், இடத்துக்கு அடையாளம் மட்டும் பார்த்து, பெரியவர்களிடம் வந்து சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பொலிஸின் 119க்கு அறிவியுங்கள்.

வயிற்றோட்டம் தொடங்கினால் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்) ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அரைப் பக்கற், அரைக் கோப்பை என்று கண்மட்டத்தில் கரைத்தால் உப்புக் கூடிக் கெடுதலாகும். ஜீவனி இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வெள்ளத்தில் நின்று வந்தவருக்கும் வயலில் இறங்குகிறவருக்கும் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பனடோலோடு வீட்டில் வைத்திராமல் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

திரும்பிப் போகும்போது

‘எப்ப போறீங்கள்’ என்று கேட்கத் தேவையில்லை. ‘வீட்டைப் போய்ப் பாத்திட்டு வருவமா’ என்று கேட்டு நீங்களும் கூடப் போங்கள். முதல் போக்கு பார்க்க, இரண்டாம் போக்கு கிணறு இறைக்கவும் சேறு வழிக்கவும், மூன்றாம் போக்கில் ஆம்பிளையள் ஒரு இரவு தங்கிப் பார்க்க. மின்சாரத்தை இணைக்க முன் நனைந்த பிளக்குகளை ஒரு மின்வேலைக்காரர் பார்க்க வேண்டும். பிள்ளைகளும் வயதானவர்களும் கடைசியாகப் போகட்டும். கையில் ஒரு கிழமை அரிசி, குளோரின் தூள், நுளம்பு வலை.

கொட்டிலை உடனே பிரிக்காதீர்கள், தை பிறக்கும்வரை மழை நம்பமுடியாது. இரண்டாவது குழி வெட்டியிருந்தால், மேலே ஒன்றரை அடி விட்டுச் சாம்பலும் மண்ணும் போட்டு மிதித்து மூடி, மண் தாழத் தாழ மேலும் போடுங்கள். அதன்மேல் வாழைக்குட்டி வைக்கலாம், நன்றாக வரும். கீரையும் வெங்காயமும் இரண்டு வருடத்துக்கு அந்த இடத்தில் வேண்டாம்.